ஜீவராஜின் கோலும் யாகோப்பின் வயிற்றெரிச்சலும்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தேயிலை ஆலையில் வேலை பார்த்து, போன வருடம் மாரடைப்பில் காலமான ஜீவராஜ், உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கெடுதல் செய்தார். அவர் யாகோப்பு. செய்த கெடுதல், அவரைவிட நன்றாக ஹொக்கி ஆடியது.

கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்து, இருவரும் ஒன்றாகத்தான் முதல் மட்டை செய்தார்கள். மைதானம் சரிவு, பந்து கீழே லயத்து வீடுகள் பக்கம் உருண்டோடும். எடுத்துவர ஓடுகிறவர் எப்போதும் யாகோப்பு. ஜீவராஜின் மட்டை இன்று வாசிகசாலைச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. யாகோப்பின் மட்டை, மனைவி செசிலியின் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது, பதுளையில் வெலிமடை அணியை வென்று கிண்ணம் வாங்கித் தந்த அந்தக் கோல். அடித்தவர் யாகோப்பு. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர் ஜீவராஜ். ஊர் தோளில் தூக்கியது பக்கத்தில் நின்றவரை.

இந்த வருடம் ஜீவராஜ் நினைவுப் போட்டி. ஜீவராஜின் மகள் நிலுக்ஷி யாகோப்பிடம் வந்து கேட்டாள்.

"அப்பா கூட ஆடுனவரு நீங்கதானே மாமா. நாலு வார்த்தை பேசுங்க."

செசிலி எச்சரித்தாள். "ஒங்க வயிறு எரியிற வாசம் காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களம் வரைக்கும் அடிக்குது. ஒளறி வைக்காதீங்க."

யாகோப்பு மேடையேறினார். "அந்தக் கோல அடிச்சது நான்," என்றார்.

முன்வரிசையில் விருந்தாளியாக இருந்த அஸ்ஹர், அன்று வெலிமடைக்குக் கோல் காத்தவர், இன்று உருளைக்கிழங்கு வியாபாரி, எழுந்தார்.

"நீங்க அடிச்ச பந்து வெளியேதானே போச்சு. எதுல பட்டுத் திரும்புச்சு?"

பட்டது ஜீவராஜின் கால் பெருவிரலில். நகமே பெயர்ந்துபோனது, யாகோப்பு கண்ணால் பார்த்தார். ஹொக்கியில் காலில் பட்ட பந்து கோல் ஆகாது. அதைச் சொன்னால் கோல் யாருடையதும் இல்லை. புளி போட்டு விளக்கி மேடையில் வைத்திருக்கும் கிண்ணம் வெலிமடைக்குச் சொந்தமாகிவிடும்.

"ஜீவராஜ் மட்டையிலதாங்க," என்றார் யாகோப்பு, கசாயம் குடித்த முகத்தோடு. "அவ்வளவு வேகமா வந்த பந்த ஒத்தக் கையால திருப்பிவிட்டான். நான் அடிச்சது என்ன அடி. அவன் திருப்புனதுதான் கோலு."

கைதட்டல் ஓயவில்லை. நிலுக்ஷி கண்ணைத் துடைத்தாள். "எவ்வளவு பெரிய மனசு ஒங்களுக்கு," என்று செசிலி நெகிழ்ந்தாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் வாசிகசாலைச் சுவரில், மாலைக்குக் கீழே, 'ஒற்றைக்கை ஜீவராஜ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள். எழுதி முடியும்வரை பெயின்ட் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யாகோப்பு.