கார்ட்டூன் படமும் சடங்கு பேனரும்

குழந்தைகள் படம் என்று நம்பித்தான் என் பன்னிரண்டு வயது மகளைத் திருப்பதி தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். தெலுங்கு பேசும் கார்ட்டூன். அதில் வளர்கிற பெண் அம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்கிறாள். கடைசியில் அம்மாதான் மன்னிப்புக் கேட்கிறாள். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிற படம். இவளோ பாப்கார்னைக்கூடத் தொடாமல் பார்த்தாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சித்தூர் பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். "நீ என்னாத்தடி மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல. நான் பெரியவளானா, அக்காவுக்கு வெச்ச மாதிரி பேனர் வைப்பீங்களா?"

என் அண்ணன் மகளுக்குச் சடங்கு செய்தபோது அவள் படத்தைப் பேனராக்கிக் கடைத்தெருவில் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் விடாமல் கேலி செய்தார்கள்.

"உன் மாமன் வைக்காம வுடுவானா?"

"அப்ப நான் ஆவல."

"ஆவாதவ ஏன் கேட்டுக்கினு இருக்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேனர் கிடையாது. இப்ப சொல்லு."

"நைனா மேல சத்தியம் பண்ணு."

அவள் அப்பா மேல் சத்தியம் பண்ணினேன்.

"போன மாசமே ஆயிடுச்சும்மா."

எங்களில் முதல் சேதி தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். அந்தப் படத்தை எடுத்தவன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. ஆனால் என் அண்ணனுக்கு இன்றுவரை போன் செய்யவில்லை.