படகுக்கு ஏற்ற வண்டி

போன மாதம் என் அக்கா மலைப் பாதையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, நட்டநடு வளைவில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். கண்டக்டர் முணுமுணுத்தார். சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. கீழேயிருந்து முக்கி முனகி ஏறிவந்த ஒரு டிராக்டரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே நடந்தாள்.

பொறுப்பான நர்ஸம்மா இப்படிச் செய்யலாமா? செய்தாள். எல்லாம் ஒரு படகால் வந்த வினை.

அக்கா சாரதாவுக்கு ஜவ்வாது மலைமேல், ஓர் ஏரிக்கரை சுகாதார நிலையத்தில் வேலை. ஏரிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன ஊர்கள். வெயில் காலத்தில் கரையைச் சுற்றி நடந்தே வந்துவிடுவார்கள். ஐப்பசி மழை பிடித்தால் நடைபாதை முழுகிவிடும். அப்புறம் மூங்கில் தெப்பம்தான் கதி.

போன வருஷ மழையில், வலி எடுத்த ஒரு பெண்ணைத் தெப்பத்தில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடு ஏரியில் தெப்பம் ஒருக்களித்துக் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் அவளை எப்படியோ இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அக்கா அந்த வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பேசியது என் மாமா... அக்காவின் கணவர் ஜெகநாதன். மெட்ராஸில் படகு எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்று, மலையடிவாரத்து ஆலங்காயத்தில் வீடு கட்டிக்கொண்டவர். "அந்த ஏரிக்கு ஒரு மோட்டார் படகு போதும் சாரதா" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மெட்ராஸ் போய், பழைய சாமான்களோடு சாமானாகக் கிடந்த ஒரு தேக்குப் படகை வாங்கி, லாரியில் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார். அப்போது அது வெறும் கூடு. எஞ்சின் தனியாக, சாக்கில் கட்டி வந்தது. இறக்கும்போதே இரண்டு பலகை விரிந்துவிட்டது.

ஆலங்காயத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா சார், இங்க கடல் வரப் போவுதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. மாமா சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார். உளுத்த பலகைகளைப் பெயர்த்துப் புதுத் தேக்கு வைத்தார். இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். எஞ்சினைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினார். ஒருநாள் அது கொல்லையிலேயே 'டப்டப்' என்று ஓட ஆரம்பித்தபோது, கேலி செய்தவர்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள்.

சரி, படகு தயார். மலைக்கு எப்படிக் கொண்டுபோவது?

இந்தக் கேள்வி இவ்வளவு பெரியது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. மாட்டு வண்டியில் வைத்தால் பாதிப் படகு வெளியே தொங்கியது. கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் ரொம்ப உயரம், தளமும் தட்டை. படகின் அடிவயிறோ கூர். தட்டையான தளத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாமா ஒட்டிய பலகையெல்லாம் மறுபடி விரியும். லாரி? ஏரிக்கரையில் இறக்குவதற்கு கிரேன் வேண்டும். அந்த மலையில் கிரேனுக்கு எங்கே போவது? துறைமுகத்தில் படகுக்கென்றே வண்டி வைத்திருப்பார்களாம். மாமா விசாரித்தார். ஜவ்வாது மலை என்றதும் சிரித்தார்களாம்.

"தாழ்வா இருக்கணும், நீளமா இருக்கணும், தளமில்லாம திறப்பா இருக்கணும். அப்படியே பின்னால தண்ணியில எறக்கணும்" என்று மாமா ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார். வாணியம்பாடிப் பட்டறையில் புதிதாகவே செய்யலாம் என்றார்கள். தை பிறந்த பிறகுதான் கை வைக்க முடியுமாம். மழை தைக்குக் காத்திருக்குமா?

புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. மாமா படகைத் தார்ப்பாயால் மூடிவிட்டார். அதைப் பார்த்து எனக்கே மனசு கலங்கியது. இவ்வளவு பாடுபட்டு, கொல்லையில் நிற்கத்தானா?

அந்தச் சமயத்தில்தான் பஸ், வளைவு, டிராக்டர். அக்கா கண்ணில் பட்டது டிராக்டர் அல்ல, அதன் பின்னால் வந்த வண்டி. மலை ஊர்களுக்கு மின்கம்பம் ஏற்றும் வண்டி. இரண்டே ரப்பர் சக்கரம், நடுவில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு, அவ்வளவுதான். அதன்மேல் படுத்திருந்த கம்பங்களின் வால், பள்ளத்தாக்குக்கு மேலே வீசித் திரும்பியது. "ஏய், அத்த பாருடி" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தாழ்வு. நீளம். தளமில்லாத திறப்பு.

டிராக்டரில் உட்கார்ந்து வந்தவர் கம்பம் நடும் கான்ட்ராக்டர் முனுசாமி. மழைக்குள் வேலையை முடிக்க வேண்டும், வண்டியை யாருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். பிறகு, படகு எதற்கு என்று கேட்டார். அக்கா தெப்பம் கவிழ்ந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் பீடியை அணைத்தார்.

"ஞாயித்துக்கெழம வண்டி சும்மாதான் நிக்குதுங்க. எடுத்துக்குங்க. ஆனா வண்டியோட நானும் வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படகின் வயிற்றுக்குத் தக்கபடி மாமா இரண்டு மரத் தாங்கிகள் செதுக்கி, சாக்கு சுற்றி, வண்டியில் பூட்டியிருந்தார். தெருவே கூடித் தூக்கி வைத்தது. வைத்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? எஞ்சின் பாரம் பின்னால் இழுக்க, வண்டியின் முன்தண்டு கிணற்று ஏற்றம் மாதிரி மேலே எழும்பியது — அதைப் பிடித்துக்கொண்டிருந்த முனுசாமியோடு சேர்த்து. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அவர் மட்டும் சிரிக்காமல் கீழே குதித்து ஸ்பானரை எடுத்தார். கம்பத்தின் நீளத்துக்கு ஏற்ப அந்த வண்டியில் சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்தலாமாம். படகை இறக்கி, சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி, போல்ட்டை முறுக்கினார்கள். மறுபடி படகு ஏறியது. இப்போது தண்டு அடங்கி உட்கார்ந்தது. மாமா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை!

மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் முனுசாமி இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டே நடந்தார். படகின் வால் பள்ளத்துக்கு மேலே போகும்போதெல்லாம் மாமா கண்ணை மூடிக்கொண்டார். "கம்பமே திரும்புன எடங்க. இது திரும்பாதா?" என்று முனுசாமிதான் தைரியம் சொன்னார். திரும்பியது. எல்லா வளைவிலும் திரும்பியது.

ஏரிக்கரையில் இரண்டு பக்கமும் ஜனம். டிராக்டர் பின்வாங்க, வண்டி மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. சக்கரம் முழுகியது. படகின் பின்பக்கம் லேசாகத் தூக்கியது... பிறகு முழுப் படகும் தாங்கியை விட்டு, தானாக, சத்தமே இல்லாமல் மிதந்தது.

கைதட்டல் முடிவதற்குள் உள்ளே தண்ணீர் கசிந்தது. மாமா மட்டும் பதறவில்லை. வெயிலில் காய்ந்த மரம். தண்ணீர் குடித்து ஊறினால் தானே அடைத்துக்கொள்ளும் என்றார். கரையோரமாகக் கட்டிவைத்து, இறைத்து இறைத்து ஊற்றினோம். அடுத்த புதன்கிழமை படகின் உள்ளே ஒரு சொட்டு இல்லை. எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. அக்கா முதல் ஆளாக ஏறினாள். அவளும் மாமாவும் எதிர்க்கரையைத் தொட்டபோது அங்கே எழுந்த குலவைச் சத்தம் எங்கள் கரைக்குக் கேட்டது.

நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதை இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் கொல்லையிலேயே தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறோம், இல்லையா?

போன வாரம் நல்ல மழை. நடைபாதை முழுகிவிட்டது. ஒரு மத்தியானம் எதிர்க்கரையிலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தி படகில் வந்தாள். படுத்துக்கொண்டு அல்ல; பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் குடையோடு. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை. இருவரும் நலம்.

குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அவள் புருஷன், படகை முன்னும் பின்னும் நடந்து பார்த்தானாம். பிறகு மாமாவிடம் வந்து பணிவாக, "சந்தைக்கு எங்கூட்டு எருமையையும் இதுல ஏத்திக்கினு வர்லாங்களா?" என்று கேட்டிருக்கிறான்.

மாமா முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.