கனவில் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ போடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான், காலேஜ் போன முதல் ஆள், விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்தில் மெட்டீரியல் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலைகளில் அங்கே அருணா அக்கா வீட்டில் வேதாந்த வகுப்பு நடக்கும். அக்கா சென்னைக்காரர், எங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர், சிப் தொழிற்சாலையில் இன்ஜினியர். வகுப்பு முடிந்ததும் பொங்கலும் சாம்பாரும் உண்டு. நான் பொங்கலுக்காகத்தான் போனேன், அது அக்காவுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு, எது நிஜம் எது பொய் என்று பாடம். வந்து போவதெல்லாம் பொய், மாறாமல் இருப்பது மட்டுமே நிஜம் என்றார் அக்கா. கனவு காணும்வரை கனவு நிஜம், விழித்தால் பொய், அதுபோல இந்த உலகமும் ஒரு பெரிய விழிப்பில் பொய்யாகிவிடும் என்றார். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பசியும்தான் வந்து வந்து போகுது. அப்ப பசி பொய்யாக்கா? எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். "பொய்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்லடி. அதனதன் இடத்துல அது நிஜம். கனவுப் பசிக்குக் கனவுச் சோறு. ஆனா கனவுல தின்ன சோறு முழிச்சப்புறம் வயித்துல இருக்காது, அவ்வளவுதான்."

இது எனக்குப் பிடித்திருந்தது, சயின்ஸ் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் நெய் விடச் சொல்லிப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த வாரம் டிரெஸ்டனில் பாதிப் பேரைப் பிடித்த வயிற்றுக் கிருமி என்னையும் பிடித்தது. திங்கட்கிழமை காலை எனக்கு தீசிஸ் பிரசன்டேஷன். நன்றாகச் செய்தால் பிஎச்.டி. இடம் தருகிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். தள்ளிப்போடவும் வழியில்லை, செவ்வாய்க்கிழமை அவர் ஆறு மாதத்துக்கு ஜப்பான் போகிறார். எனக்கோ வியாழக்கிழமையிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே நிற்கவில்லை. கூடத் தங்கியிருந்த கத்ரின் என்ற ஜெர்மன் பெண் ரஸ்க் கொடுத்தாள், ஏதோ பூ போட்ட டீ கொடுத்தாள், எல்லாம் வந்த வழியே போனது. ஞாயிறு மதியம் பேசிப் பழகலாம் என்று எழுந்து நின்றேன், மூன்றாவது ஸ்லைடில் கால் நடுங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் கருவாடு கிடையாது. முன்பு ஊரிலிருந்து கவருக்குள் கவர் போட்டுக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன், மீன் செத்து எத்தனை நாளோ என்று பதறிப்போன கத்ரின், எனக்கு உதவி செய்வதாக நினைத்து அத்தனையையும் குப்பையில் கொட்டி ஃபிரிட்ஜை வினிகர் போட்டுத் துடைத்துவிட்டாள். நான் அழுத அழுகையில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவள் கேட்காமல் எதையும் கொட்டக்கூடாது, நான் அந்த மீனை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. இரண்டு பேரும் அதைக் காப்பாற்றினோம்.

அன்று தரையிலிருந்து எழுந்து படுக்கையில் விழுந்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் எங்கள் வீட்டு அடுப்படி. அம்மா சுடுசோற்றில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றுகிறாள், மாங்காய் போட்டது. ஒளியும் இல்லை, சாமியும் வரவில்லை. நான் சாப்பிடச் சாப்பிட அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். உனக்குச் சோறு எங்கேம்மா என்று கேட்டேன்.

"நீ பேசாமத் தின்னுட்டி மொதல்ல" என்றாள்.

கதவு தட்டுகிற சத்தத்தில் விழித்தேன். கத்ரின் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். உடம்பு சரியில்லாதவளைத் திட்டக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, ரொம்ப மரியாதையாக, நம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். நான் சமைக்கவில்லை என்றேன். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. என் அறையை முகர்ந்தாள், கட்டிலை முகர்ந்தாள், கடைசியில் என்னைக் காட்டி, "உன் கை" என்றாள்.

வலது கையை மூக்கில் வைத்தேன். நம்பினால் நம்புங்கள், கருவாட்டுக் குழம்பு. மாங்காய் வாசனைகூடத் தனியாகத் தெரிந்தது. நான் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தேன், பேச்சுக்குப் பதில் ஏப்பம்தான் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வருகிறவர் விடுகிற ஏப்பம். கத்ரின் போய் ஜன்னலைத் திறந்தாள்.

மறுநாள் முழு நேரமும் நின்றேன், கால் நடுங்கவில்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். முடிந்ததும் பேராசிரியர், இடம் உனக்குத்தான் என்று கையை நீட்டினார். கை கொடுக்க மட்டும்தான் ஒரு நொடி யோசித்தேன்.

அருணா அக்காவிடம் சொன்னபோது, "உடம்பு சரியில்லாதப்ப மூக்கு பொய் சொல்லும்டி" என்றார்.

"கத்ரின் மூக்குமாக்கா?"

அக்கா பொங்கல் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தார். "இந்தா, இன்னொரு கரண்டி பொங்கல் போட்டுக்கோ" என்றார்.

அக்காவிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தத் திங்கள் மதியமே அம்மாவுக்குப் போன் போட்டேன். வயிற்றுக் கோளாறைப் பற்றி அவளிடம் நான் மூச்சுவிட்டதில்லை, கனவையும் சொல்லவில்லை, இடம் கிடைத்ததை மட்டும் சொன்னேன். அழுதாள், சிரித்தாள், பிறகு அவள் கதைக்கு வந்தாள். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்கள், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். இங்கே ஞாயிறு மதியம் மூன்றரைக்கு நான் படுத்த நேரம்தான் அங்கே அவள் படுத்த எட்டு மணி.

"நேத்து வளைகாப்பு வீட்டுல வயிறு முட்டத் தின்னுட்டு வந்துதான்ட்டி படுத்தேன். செத்த நேரத்துல முழிப்பு வந்துச்சு பாரு, அப்படி ஒரு பசி. நாலு நாள் பட்டினி கெடந்தவ மாதிரி கையும் காலும் நடுங்குது. பானையில கெடந்த பழைய சோத்தப் பூரா வழிச்சுத் தின்னேன். ஒங்கப்பா பாத்துட்டுச் சிரிக்காரு."

நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அதற்குப் பிறகு கனவில் எப்போதாவது நன்றாகச் சாப்பிட்டுவிட்டால், விழித்ததும் பல்கூடத் தேய்க்காமல் அம்மாவுக்குப் போன் போடுகிறேன். சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறேன். மகளுக்குத்தான் என்மேல் எவ்வளவு பாசம் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.