இன்ஷூரன்ஸ்காரருக்கே பயமாம்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் கூரையைச் சோதிக்க ஒரு வெள்ளைக்காரர் வந்து போனார். அன்று பின்னேரமே அப்பா தன் மெத்தையை மாடியிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

காரணம் கூரை அல்ல – ஒரு சொல்!

லண்டனின் எட்மண்டனில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு அப்பாவைவிட வயது அதிகம். கூரை முழுக்கச் சிலேட். ஆம், பாலர் வகுப்பில் நான் மடியில் வைத்து எழுதினேனே, அதே சிலேட்தான். எங்கள் குடும்பத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். "நான் தொடாத சிலேட்டெல்லாம் சேர்ந்து இப்ப என்ரை தலைக்கு மேல வந்து நிக்குது" என்பார் அப்பா.

ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆகவே வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும், வருகிறவர்கள் பேசுவதை மொழிபெயர்ப்பதும் என் வேலை. படித்த பிள்ளை அல்லவா?

இங்கே மரங்களையும் கூரைகளையும் பிடுங்கி எறிந்த அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பழைய கூரை என்றாலே சந்தேகம். எங்களுக்கும் எழுதினார்கள். கூரைக்கு வயதாகிவிட்டது, எங்கள் ஆள் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால்தான் பாலிசியைப் புதுப்பிப்போம்.

எதிர்வீட்டுத் தெய்வேந்திரம் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தெரியாத சட்டம் லண்டனில் இல்லை.

"இன்ஷூரன்ஸ் இல்லையெண்டால் வீட்டுக்குக் கடன் தந்த மோர்ட்கேஜ்காரன் சும்மா இருப்பானெண்டு நினைக்கிறியோ, தம்பி? வீட்டுத் திறப்பைத் தா எண்டு வாசல்ல வந்து நிப்பான்!"

ஆறுதல் சொல்வதில் அண்ணையை மிஞ்ச ஆளில்லை. நான் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் செய்து வாங்கிய வீடு... ஊரில் இருந்த வீட்டின் கூரை ஷெல் விழுந்து போனது. இந்த வீட்டைக் கூரைக்காகவே பறிகொடுப்பதா?

செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த மனிதரும் வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணீரை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, டார்ச்சுடன் கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்டுக்குள் ஏறினார். அப்பா கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே தட்டும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா?

தலைமுழுக்கத் தூசியோடு இறங்கியவர், "ஐ'ம் அஃப்ரெயிட்..." என்று தொடங்கினார். ஆணிகள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. சிலேட்டுகள் ஆணியில் தொங்கவில்லை, பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மாத முடிவுக்குள் முன்பக்கம் முழுவதையும் கழற்றி மீண்டும் அடிக்காவிட்டால் கம்பெனி புதுப்பிக்காது – "ஐ'ம் அஃப்ரெயிட்."

நான் வாய் திறக்கும் முன்பே அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, அவர் அஃப்ரெயிட் எண்டெல்லோ சொன்னவர்?"

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'தாங்க்யூ', 'மில்க்', 'பஸ் பாஸ்' – அவ்வளவுதான். ஆனால் 'அஃப்ரெயிட்' தெரியும். நன்றாகவே தெரியும். அப்பா இந்த நாட்டுக்கு வந்ததும் நடந்த அகதி விசாரணையில் படித்த சொல் அது. திரும்பிப் போகப் பயமா, யாருக்குப் பயம், ஏன் பயம் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்களாம். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் 'பயம்' என்று சொல்லச் சொல்ல, விசாரணை முடிவதற்குள் அந்தச் சொல் அப்பாவுக்குப் பாடமாகிவிட்டது. கடைசிக் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளரைக் காத்திராமல் அவரே பதில் சொன்னாராம்: "யெஸ். அஃப்ரெயிட்."

"இன்ஷூரன்ஸ்காரனே பயப்பிடுறான், நாங்கள் அந்தக் கூரைக்குக் கீழ படுக்கிறதோ?" என்றார் அப்பா. "இஞ்சேரும், தலகணியளை எடும்!"

அம்மா எடுத்தார். படிக்கட்டின் கீழே இருக்கும் அலுமாரியிலிருந்து தூசி உறிஞ்சும் ஹூவர் வெளியே வந்தது. சப்பாத்துகள் வெளியே வந்தன. மெத்தை பாதி உள்ளே, பாதி வெளியே. அப்பா தலையை உள்பக்கம் வைத்துப் படுத்துப் பார்த்தார். "பங்கர் மாதிரி இருக்கு. காணும்" என்றார். ஊரில் ஷெல்லுக்குப் பயந்து ஒளிந்த பதுங்குகுழியைத்தான் சொன்னார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் அம்மாவைக் கூப்பிட்டு உள்ளே இருத்திவிடுவார். "நீயும் வாவன்ரா!" என்று எனக்கும் அழைப்பு வரும். பட்டம் பெற்றவன் ஹூவர் இருந்த இடத்தில் போய் உட்காருவதா? ஒரு முறை மேலே ஏதோ சறுக்கிக்கொண்டு போய் முன்வாசலில் விழுந்து நொறுங்கியது. அன்றைக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

அதற்கு மறுநாள் காலை விளக்கம் சொல்ல முயன்றேன்.

"அப்பா, அவர் பயப்பிடேல்லை. இவையள் கூடாத செய்தி சொல்லேக்கை அப்பிடித்தான் தொடங்குவினம். அது ஒரு மரியாதை."

"பயமில்லாதவன் ஏன்ரா பயமெண்டு சொல்லுறான்?"

"சும்மா... மரியாதைக்கு."

அப்பா கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப... அண்டைக்கு நான் அஃப்ரெயிட் எண்டு சொன்னனான். அதையும் மரியாதைக்குச் சொன்னதெண்டோ எழுதியிருப்பாங்கள்?"

அந்த விசாரணைக்கு இன்னும் பதில் வரவில்லை. "சீ, அப்பிடியில்லை அப்பா" என்றேன். சொல்லும்போதே என் குரலில் எனக்கு நம்பிக்கை இல்லை. படித்த பிள்ளையின் படிப்பு அந்த இடத்தோடு முடிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால், இங்கே பயமில்லாதவர்கள் எதற்கெடுத்தாலும் பயம் என்கிறார்கள். நாங்களோ நடுங்கிக்கொண்டே 'நாங்கள் எல்லோரும் நல்ல சுகம்' என்று ஊருக்கு எழுதுகிறோம். யார் சொல்வதை யார் நம்புவது?

போகட்டும், கூரைக்கு வருவோம். நான் கேட்ட கூரை வேலைக்காரர்கள் எல்லோருக்கும் கை நிறைய வேலை. அடுத்த மாதம்தான் வரலாம் என்றார்கள். ஆனால் கம்பெனி கொடுத்ததோ மாத முடிவுவரை. அவகாசம் கேட்டுப் போன் செய்தேன். எங்கள் போன் இருப்பது படிக்கட்டுக்குப் பக்கத்தில். அதாவது, அப்பாவின் கால்மாட்டில்.

"ஐ'ம் அஃப்ரெயிட், வேலைக்காரர் அடுத்த மாதம்தான் வருவார்" என்றேன்.

"ஐ'ம் அஃப்ரெயிட், திகதியை மாற்ற முடியாது" என்றார் மறுமுனையில் ஒரு பெண், அப்பாவுக்கும் கேட்கும் அளவுக்குச் சத்தமாக.

"ஐ'ம் அஃப்ரெயிட், இன்ஷூரன்ஸ் நின்றால்..."

"ஐ'ம் அஃப்ரெயிட், அது எங்கள் விதி."

அலுமாரிக்குள்ளிருந்து ஒரு குரல்: "ரெண்டு பேரும் மாறி மாறி அஃப்ரெயிட் எண்டுறியள். ஆருக்குத்தான்ரா உண்மையில பயம்?"

அதற்குமேல் எனக்கு மரியாதை வரவில்லை. "மேடம், நான் இதைப் பேச்சு வழக்குக்காகச் சொல்லவில்லை" என்றேன். "உங்கள் ஆள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து என் அப்பா ஹூவர் இருந்த அலுமாரிக்குள் படுக்கிறார். காற்றடித்தால் அம்மாவும் உள்ளே போகிறார். ஒரு நாள் நானும் போனேன். எங்களுக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது."

"கொஞ்சம் பொறுங்கள்..." என்றார் அந்தப் பெண். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து, மறுபடி தொடங்கி, பாதியில் நின்றது. மேலதிகாரியிடம் பேசினாராம். கூரையைத் தார்ப்பாயால் மூடிவைத்தால், வேலை முடியும்வரை பழைய பாலிசி தொடருமாம்.

நன்றி சொன்னேன். இம்முறை மரியாதைக்கு அல்ல.

தார்ப்பாய் படபடக்க, அப்பா விழித்திருக்க, ஒருவழியாக வேலைக்காரர் வந்தார். புது ஆணி அடித்தார். அதே சிலேட்டுகள், உடைந்தவற்றுக்கு மட்டும் வேறு. நேற்றுக் கம்பெனியின் கடிதம் வந்தது. நான் உறையைக் கிழிக்கும்போதே அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"அஃப்ரெயிட் எண்டு எங்கையாவது கிடக்கோ?"

"இல்லையப்பா. புதுப்பிச்சாச்சு. அதைச் சொல்லச் சந்தோசப்படுகினமாம்."

அப்பா கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர்போல உற்றுப் பார்த்தார்.

"உண்மையாவோ... மரியாதைக்கோ?"

மெத்தை மாடிக்குப் போய்விட்டது. சப்பாத்துகளும் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டன. ஹூவர் மட்டும் இன்னும் வீட்டு நடைவழியில் நின்று எல்லோருடைய காலையும் தட்டுகிறது. அம்மா நச்சரித்தும் அப்பா அதை உள்ளே வைக்க விடவில்லை.

விசாரணைக் கடிதமும் வந்து சேரட்டுமாம்... அதுவரை அந்த இடம் காலியாக இருக்கட்டுமாம்.