ஸ்மூஹாவில் மாட்டிக்கொண்ட பெயர்

அலெக்ஸாண்ட்ரியாவில் பொல்க்லி டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டாம் மாடியில் நாங்கள் பல் கிளினிக் திறந்த அந்தக் குளிர்காலத்தில் என் வேலை தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். அது அடிக்கவில்லை. டாக்டர் நெர்மீன் உள்ளறையில் புது நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். பிறகு வெளியே வந்து, "லைன் சரியா இருக்கான்னு பாருங்க தஹானி அக்கா" என்பார். நான் என் கைப்பேசியிலிருந்து அழைத்துக் காட்டுவேன். அடிக்கும். அவர் மறுபடி நாற்காலியைப் பார்க்க உள்ளே போய்விடுவார்.

அதற்கு முன் நாங்கள் இருவரும் ஊரின் இன்னொரு பகுதியான ஸ்மூஹாவில் டாக்டர் ரவூஃபின் பெரிய கிளினிக்கில் இருந்தோம். ரவூஃப் நெர்மீனுக்குத் தாய்மாமா. அப்பா இல்லாத பெண்ணைப் படிக்க வைத்ததும், கையில் கருவியைக் கொடுத்து நிற்க வைத்ததும் அவர்தான். நெர்மீன் அங்கே பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார், நாற்பதை நெருங்கிவிட்டார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்லைப் பிடுங்க அவருக்கு மனம் வராது. வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, மறுபடி வரச் சொல்லி, எப்படியாவது காப்பாற்றப் பார்ப்பார். மாமாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒரு நாள், பல வாரமாக நெர்மீன் பார்த்துவந்த ஒரு கடைவாய்ப் பல்லை, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மாமா வந்து பிடுங்கிவிட்டார். "உனக்கு நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்று சிரித்தார். நெர்மீன் திரும்பி வந்து மாட்டிய கையுறையைக் கழற்றினார்.

"நான் தனியாப் போறேன் மாமா."

"போ, போயிட்டு வா. கொஞ்ச நாள் கடலப் பாத்துட்டு வா. உன் ரூம் அப்படியே இருக்கும்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எல்லாருக்கும் சுலபமாகப் போயிருக்கும். என்னை நெர்மீன் கூப்பிடவில்லை, நானாகத்தான் கிளம்பிப் போனேன்.

எங்கள் இணையதளத்தைச் செய்து கொடுத்தவர் ஹைதம் என்பவர். நிறையப் பேசுவார், பேச்சோடு பேச்சாக வேலையும் செய்வார். தளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் முகவரியை முழுசாகத் தட்டினால் மட்டுமே வந்தது. அலெக்ஸாண்ட்ரியாவில் பல் டாக்டர் என்று தேடினால் ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்தார்கள், நாங்கள் வரவில்லை.

"புதுசு டாக்டர். தேடுபொறி மெதுவாத்தான் கண்டுபிடிக்கும். பொறுமையா இருங்க."

"இருக்கேன். ஆனா கடைசிப் பக்கத்துலகூட இல்லையே ஹைதம்."

அவர் கணினியைத் திறந்தார். எதையோ தட்டித் தேடினார். பிறகு காதைச் சொறிந்தார். தளத்தைக் கட்டும்போது அரைகுறையாக யார் கண்ணிலும் படக் கூடாதென்று, 'இங்கே வராதே' என்று தேடுபொறிக்கு ஒரு கட்டளை போட்டு வைப்பார்களாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவர் எடுக்க மறந்துவிட்டார்.

"அப்போ கடையத் திறந்துட்டு, நீங்களே வாசல்ல நின்னு எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்றேன்.

"அடிக்காதீங்கக்கா. இப்பவே எடுத்துடுறேன்."

எடுத்தார். சில வாரத்தில் தளம் தேடலில் தலைகாட்டியது. அப்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. நெர்மீனின் பெயரைத் தட்டினால் முதலில் வந்தது மாமாவின் கிளினிக். அதன் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நெர்மீன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஸ்மூஹா தொலைபேசி எண். அதற்கும் கீழே, நோயாளிகள் வருடக்கணக்காக அவரைப் புகழ்ந்து எழுதிய வரிகள். நாங்கள் நாலாவது பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்குக் கீழே இருந்தோம்.

"உங்க பேரு அங்கதான் குடியிருக்குன்னு அது நம்புது டாக்டர்" என்றார் ஹைதம். "அத்தன பாராட்டும் அங்க இருக்கு. நீங்க இங்க இருக்கீங்கன்னு சொல்றது நாம மட்டும்தான்."

அந்த வாரம் கீழே ரொட்டிக் கடையில் மதாம் இஃப்பத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நாங்கள் ஸ்மூஹாவை விட்டபோது அவருக்கு வேர் சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடாமல் மாடிக்கு அழைத்து வந்தேன். நெர்மீனைப் பார்த்ததும் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"நெட்ல உன் பேரத் தேடி, அந்த நம்பருக்குப் பேசினேன். டாக்டர் லீவுல இருக்காங்க, நீங்க வாங்கன்னாங்க. போனேன். பிடுங்கிட்டாங்க. இப்படி நடுவுல விட்டுட்டுப் போவியாம்மா?"

நெர்மீன் அவருடைய வாயைப் பார்த்தார். காலி இடத்தை விரலால் தொட்டார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் என்று எனக்கே தெரியும். மதாம் இஃப்பத் போன பிறகும் அந்த அறை விளக்கை அவர் அணைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் குடும்பம் முழுக்க மாமா வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அந்த வெள்ளி நெர்மீன் என்னையும் கூட்டிப் போனார், தனியாகப் பேசத் தைரியம் வராது என்றார். முலூக்கியாக் கீரையும் வாத்தும் பரிமாறியிருந்தார்கள். நெர்மீன் சாப்பிடாமலே ஆரம்பித்தார்.

"மாமா, உங்க வெப்சைட்ல என் படத்த எடுத்துடுங்க. நான் லீவுல இருக்கேன்னு சொல்ல வேணாம்னு சொல்லுங்க."

"லீவுலதானே இருக்க?"

"நான் கிளினிக் திறந்திருக்கேன்."

"தெரியும்மா. பொல்க்லில. நல்ல காத்து வரும்." மாமா வாத்தின் தொடையைப் பிய்த்து நெர்மீன் தட்டில் வைத்தார். "உன் படத்த எடுத்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? ரவூஃப் தங்கச்சி மகளத் துரத்திட்டான்னு சொல்லுவாங்க. நான் உன் இடத்தக் காப்பாத்தி வச்சிருக்கேன். வேற யாரு செய்வா?"

"மதாம் இஃப்பத்தோட பல்லு..."

"அந்தப் பல்லு என்னைக்கோ செத்துப் போச்சு. சாப்பிடு."

நெர்மீனின் அம்மா மேசைக்கடியில் மகளின் முழங்காலை அழுத்தியது எனக்குத் தெரிந்தது. நெர்மீன் சாப்பிட்டார். கடைசிவரை, தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டார். திரும்பும் வழியில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி, கடற்கரைச் சாலையோரம் இறங்கி வாந்தி எடுத்தார்.

புகார் கொடுக்கலாம் என்றார் ஹைதம். தேடுபொறிக்காரர்களிடமும் பல் மருத்துவர் சங்கத்திலும், இந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று எழுதலாம். சங்கம் விசாரிக்க வரும். அதை எப்படியோ கேள்விப்பட்ட நெர்மீனின் அம்மா கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

"என் அண்ணன விசாரணைல நிறுத்துவியா? உன் அப்பா செத்தப்ப நமக்குச் சோறு போட்டது யாரு?"

"புகார் குடுக்கல அம்மா."

"சத்தியமா?"

"குடுக்கல. வீட்டுக்குப் போ."

அம்மா போனதும் நெர்மீன் ஹைதமைக் கூப்பிட்டார். தளத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். படத்தையும்.

"எல்லாரும் பேரு மேல வரணும்னு காசு குடுக்குறாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்களே?"

"என் பேரத் தேடினா அங்க போயிடுறாங்க. பேரே தெரியாதவங்க என்ன தேடுவாங்க?"

ஹைதம் யோசித்தார். "வலியத் தேடுவாங்க. பக்கத்துல என்ன இருக்குன்னு தேடுவாங்க."

அப்படித்தான் தளம் 'பொல்க்லி டிராம் பல் கிளினிக்' ஆனது. நோயாளிகள் நாற்காலியில் சாய்ந்தபடி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை நெர்மீன் ஒவ்வொன்றாக எழுதினார். ஐஸ் பட்டால் பல் ஏன் கூசுகிறது, கர்ப்பமாக இருக்கும்போது மரத்துப்போகும் ஊசி போடலாமா, பிடுங்காமல் சரிசெய்ய முடியுமா. பேசும் அரபியில், பயந்தவரிடம் சொல்வதுபோல எழுதினார். ஒவ்வொன்றின் கீழும் வழி, நேரம், எங்கள் எண். கையெழுத்து கிடையாது.

வசந்தம் வந்தபோது தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். "அங்க டாக்டர் யாரு?" என்று கேட்பார்கள். "ஒரு லேடி டாக்டர்" என்பேன். பெயரைக் கேட்பதற்குள் நேரத்தைக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிடுவேன்.

லாமியா என்ற பெண் வீங்கிய கன்னத்தோடு வந்தாள். ஊசி போட்டு மரத்துப்போவதற்காகக் காத்திருக்கும்போது பேச்சுக் கொடுத்தாள்.

"ஸ்மூஹால டாக்டர் நெர்மீன்னு ஒருத்தங்க இருக்காங்களாம். அவங்ககிட்டத்தான் போகணும்னு எங்க அக்கா சொன்னா. லீவுன்னுட்டாங்க. அதான் இங்க வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

முகமூடிக்கு மேலே நெர்மீனின் கண்கள் என்னைப் பார்த்தன. "நான்தான் நெர்மீன்" என்றார்.

லாமியா பாதி வாயால் சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்க. நான் படம் பாத்திருக்கேன். அவங்க சின்னப் பொண்ணு." கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். பத்து வருடத்துக்கு முந்தைய படம்.

நெர்மீன் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, கைப்பேசியைத் தன் கன்னத்தருகே வைத்துக்கொண்டார். லாமியா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ அவங்க ஏன் லீவுன்னு சொல்றாங்க?"

"வாயத் திறங்க. முதல்ல இதப் பாத்துடலாம்."

பல் பிழைத்தது. சிகிச்சை முடிந்த நாள் லாமியா கேட்டாள், "நான் உங்களுக்கு என்ன செய்யட்டும் டாக்டர்?" நெர்மீன் தயங்கினார். கேட்டுப் பழக்கமில்லாதவர். "நெட்ல எழுதுங்க. எங்க வந்தீங்க, யாரு பாத்தாங்கன்னு மட்டும். என் பேரோட."

லாமியா எழுதினாள். அவளுடைய அக்காவும் எங்களிடம் வந்து பல்லைக் காட்டிவிட்டு எழுதினாள். நான் மதாம் இஃப்பத்துக்குப் போன் செய்தேன். பள்ளி ஆசிரியை என்பதால் நீளமாக, பிழையில்லாமல், யாரையும் திட்டாமல் எழுதினார். அதன்பிறகு நெர்மீன் தன் பெயரைத் தளத்தில் திரும்பப் போடச் சொன்னார். படம் வேண்டாம் என்றார்.

இன்றும் அவர் பெயரைத் தட்டினால் ஸ்மூஹாதான் முதலில் வரும். நாங்கள் அதற்கு அடுத்து. மேலே போகக் கொஞ்ச காலம் ஆகும், போகாமலும் இருக்கலாம் என்கிறார் ஹைதம். மாமாவுக்கும் விஷயம் தெரியும். அங்கே படம் அப்படியே இருக்கிறது.

போன மாதத்திலிருந்து நெர்மீன் வெள்ளிக்கிழமையும் கிளினிக்கைத் திறக்கிறார். முதல் வெள்ளி மதியம் அவருடைய அம்மா மாமா வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்து வந்தார். மகள் இருந்த உள்ளறைக்குப் போகாமல், நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்திலிருந்த ஆள், "நீங்களும் டாக்டர் நெர்மீனப் பாக்கவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அம்மா. "ரொம்ப நேரம் ஆகுமா?"