கை நனைக்காதவர்கள்

எங்கள் வீட்டில் பிற்பகல் பலகாரம் என்றால் வேகவைத்த வேர்க்கடலை, இல்லையென்றால் வெல்லம் கலந்த பொரிகடலை. சொஜ்ஜியும் பஜ்ஜியும் செய்தால், அன்று அத்தையைப் பெண் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று பொருள்.

அப்போது நாங்கள் மதுராந்தகத்தில் குடியிருந்தோம். நைனாவுக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. அவருடைய கடைசித் தங்கைதான் அத்தை. எட்டாவது தேறிவிட்டு, செங்கல்பட்டில் டீச்சர் டிரெயினிங் சேர்த்துவிடும்படி நைனாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தை முடித்துவிட்டால் அதெல்லாம் தேவைப்படாது என்பது நைனாவின் கருத்து.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இதில் முக்கியம். பெண் பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பஜ்ஜியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டால் சம்மதம். வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். அந்தச் சொல் பெரும்பாலும் வந்து சேராது.

அப்படி இரண்டு கூட்டம் வந்து போயிருந்தது. ஒன்று கருங்குழியிலிருந்து. நிறம் கம்மி என்றார்களாம். இன்னொரு கூட்டம் காரணம்கூடச் சொல்லவில்லை. இரண்டு தடவையும் தட்டுகள் தொடப்படாமல் உள்ளே திரும்பி வந்தன. பஜ்ஜி ஆறி, மேல்மாவு தொய்ந்து, எண்ணெய் கக்கிக் கிடந்தது. எனக்கும் தம்பிக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அத்தையை வேண்டாமென்றால் பஜ்ஜி எங்களுக்கு. யாராவது தெருவில் நுழைந்தாலே, இவர்களும் சாப்பிடாமல் போகட்டும் என்று நாங்கள் வேண்டிக்கொள்வோம். அத்தை அழவெல்லாம் மாட்டாள். இருப்புச்சட்டியைச் சாம்பல் போட்டு, அது என்ன குற்றம் செய்தது என்று கேட்கத் தோன்றும்படி தேய்ப்பாள்.

மூன்றாவதாக வந்தவர்கள் அச்சரப்பாக்கத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் ரயிலில் வந்திறங்கினார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்து அவர்களை உட்காரவைத்துவிட்டு, அம்மா அடுக்களைக்கு ஓடிவந்தாள். சொஜ்ஜி கிளறி இறக்கியிருந்தது. வாழைக்காய் சீவித் தண்ணீரில் கிடந்தது. மாவு ஓமம் போட்டுக் கரைத்து, தயாராக இருந்தது. ஆனால் அடுப்பில் சட்டியே ஏறவில்லை.

"இன்னாடி இது, அவங்க வந்து குந்திட்டாங்க. இன்னும் பஜ்ஜி போடலியா?"

"இருக்கட்டும் அண்ணி. இன்னிக்கு ஆறின பஜ்ஜி இந்த வூட்டுல கெடையாது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தை கூடத்துக்குப் போய் நமஸ்காரம் செய்தாள். பேசியதெல்லாம் தாய்மாமன்தான். பெண் கொஞ்சம் நடந்து காட்டட்டும் என்றார். நடந்தாள். பாட வருமா என்றார். வராது என்றாள். மாப்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பு. தாய்மாமன் தொண்டையைச் செருமியதும் மறுபடி ஜமக்காளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அத்தை உள்ளே வந்து சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

எண்ணெய் காய்ந்து முதல் பஜ்ஜி விழுந்த வாசனை கூடத்துக்குப் போனபோது, தாய்மாமன் எழுந்திருக்கத் தயாராகிவிட்டார்.

"ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம். கை நனைக்கிறதுக்கு இன்னா அவசரம்?"

நைனா கைகளைப் பிசைந்துகொண்டு, "ஒரு வாய் சொஜ்ஜியாவது..." என்று இழுத்தார்.

அத்தை ஒரு தாம்பாளம் நிறையப் பஜ்ஜியோடு கூடத்துக்கு வந்தாள். ஆவி பறந்தது. விருந்தாளிகளுக்கு நேர் எதிரே தரையில் இரண்டு இலையைப் போட்டாள். "வாங்கடா, குந்துங்க" என்று என்னையும் தம்பியையும் கூப்பிட்டாள். நாங்கள் நைனாவைப் பார்த்தோம். நைனா சுவரைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டோம்.

தாய்மாமனுக்கு முகம் சிவந்தது. "இன்னாம்மா இது? வந்தவங்களை வெச்சிகினு புள்ளைங்களுக்கு எலை போடுற?"

"நீங்கதான் கை நனைக்கிறதில்லன்னுட்டீங்களே மாமா. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் பஜ்ஜி காத்துகினு இருக்குமா?"

மிக மரியாதையான குரலில்தான் சொன்னாள். அத்தை குனிந்து எனக்குப் பரிமாறும்போது காதருகே, "அவருக்கு ஒண்ணு நீட்டு" என்றாள்.

என் இலையில் இருந்ததிலேயே பெரிய பஜ்ஜியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். விரல் சுட்டது. அவர் எச்சில் விழுங்கினார். பாவம், அச்சரப்பாக்கத்தில் எப்போது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாரோ. அவர் கை மெல்ல எழுந்து பஜ்ஜியின் அருகில் வந்துவிட்டது.

"டேய்," என்றார் தாய்மாமன்.

கை திரும்பிப் போய் மடியில் படுத்துக்கொண்டது. பஜ்ஜியை நீட்டியபடியே நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனார்கள். நைனா அன்று அத்தையிடம் பேசவில்லை.

யாரும் எதிர்பாராதபடி அடுத்த வாரமே அச்சரப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனாலும் பையனுக்குப் பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பேசலாம் என்று. நைனா ஆபீசுக்குப் போட்ட சட்டையோடு அடுக்களைக்கே ஓடிவந்தார்.

"வேணாம் அண்ணா," என்றாள் அத்தை, கீரை ஆய்ந்துகொண்டே.

"வேணாமா? அவங்களே தேடி வந்து கேக்குறாங்கடி! அந்தப் புள்ளைக்கு இன்னா கொறச்சல்?"

"ஒண்ணும் கொறச்சல் இல்ல. என்னை செங்கல்பட்டுல சேத்து வுடு."

"காரணம் சொல்லு."

அத்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. நைனா கத்திப் பார்த்தார், அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னார். அத்தை அதே ஒரு வாக்கியத்தை அதே குரலில் திருப்பிச் சொன்னாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில், ஒரு டிரங்குப் பெட்டியோடு நைனாவே அவளைச் செங்கல்பட்டு ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அத்தை கையால் செய்த பஜ்ஜியை அவர் சாப்பிடவில்லை, அத்தைக்குக் கோபம். தம்பியிடம்கூட அப்படித்தான் விளக்கியிருந்தேன். அன்றைக்கு அத்தை, ஒரு ‘டேய்’க்கு அடங்கிப்போன அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை. அது மடிக்குத் திரும்பியதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பெரிய பஜ்ஜி எனக்கே மிஞ்சியது, அதுவும் சூடாக.