கொத்தாத பாதி

அழகேசன் விவசாயம் செய்த விதத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 1982 கடைசியில், ஈஜோக் பக்கத்து எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனைக் கன்று நட்டார்கள். கன்று வளரும்வரை இடைநிலத்தில் சோளம் போட ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சுப்பிரமணியம் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: புல்லும் சருகும் கிடந்தால் துண்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.

நாங்கள் மூன்று முறை கொத்தினோம். லோரியிலிருந்து விழுந்து தோள் கெட்ட அழகேசனால் மண்வெட்டி ஓங்க முடியாது. புல்லைச் சீவித் தரையிலேயே பரப்பிவிட்டான். கம்பால் குழி குத்தி விதை போட்டால் போதுமாம்.

"மூடி வச்ச மண்ணு காயாதுண்ணே. விழுந்து கெடக்குற தென்ன மட்டைக்கு அடியில கைய விட்டுப் பாத்திருக்கேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சிரித்தேன்.

ஆனாலும் அவனுக்கு மூன்று பிள்ளைகள். வீட்டில் அவன் மனைவி நல்லம்மாளின் சம்பளம் மட்டும்தான். துண்டும் போனால் என்ன செய்வான்? எனக்கு மனசு கேட்கவில்லை. தோளுக்கு எண்ணெய் நீவிக்கொள்ள அவன் கோல சிலாங்கூர் போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆறு பேர் அவன் நிலத்தில் இறங்கினோம். பாதி நிலத்தில் புல்லை வாரி எரித்தோம். அந்தப் பாதியைக் கொத்திப் பொடியாக்கினோம். மழை வந்ததால் மீதியை விட்டுவிட்டோம்.

திரும்பி வந்தவன் நிலத்தைச் சுற்றி வந்தான். "நன்றிண்ணே" என்றான். மறுநாளே இரண்டு பாதியிலும் விதை போட்டுவிட்டான்.

சோளம் முழங்கால் உயரம் வந்தபோது மழை நின்றது. நாலு வாரம் ஒரு சொட்டு இல்லை. எங்கள் துண்டுகள் எல்லாம் சுருண்டன. அவன் நிலத்தில் நாங்கள் கொத்திய பாதியும் சுருண்டது. புல் மூடிய பாதி மட்டும் பச்சையாக நின்றது.

மண்டோர் பார்வையிட வந்தார். "இந்தக் காஞ்ச பாதிய யாரு கொத்துனது?"

ஆறு பேரும் அங்கேதான் நின்றோம்.

"நான்தாங்க" என்றான் அழகேசன்.

மண்டோர் அவன் தோளைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "இனிமே கொத்தாத லா. துண்டு ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வெட்கம் தாளவில்லை. "அன்னைக்கே எங்களத் திட்டியிருக்கலாமேடா" என்றேன்.

"ஒங்க கையெல்லாம் கொப்புளமா இருந்துச்சிண்ணே. எப்படித் திட்டுறது?"